சொல்லிக்கொண்டு போவது

நான் முதன்முதலில் காசிக்குக் கிளம்பியது என் கல்யாணத்தன்று. அந்தப் பிரயாணத்துக்குச் செய்திருந்த ஏற்பாடுகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கையில் தடி இருந்தது, விசிறி இருந்தது, கக்கத்தில் புத்தகம் இருந்தது, காலில் புதுச் செருப்பு இருந்தது. வெயில் படாமல் என் தமையனார் பின்னாலிருந்து குடை பிடித்தார். முன்னால் நாயனக்காரர் நடந்தார். இவ்வளவு ஏற்பாட்டோடும் நான் போன தூரம் பத்தடி. அதற்குள் மாமனார் வந்து, காசி வேண்டாம், என் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் என்று மறித்துவிட்டார். நானும் அதிகம் பிடிவாதம் பண்ணாமல் திரும்பிவிட்டேன்.

பாக்கியிருந்த தூரத்தைப் பதினெட்டு வருஷம் கழித்து, போன வருஷம் தை பிறந்ததும், காரில் போய் முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். திருச்சியிலிருந்து நாமக்கல், சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர், ரேவா, பிறகு காசி. ஏறக்குறைய 2,150 கிலோமீட்டர். இதில் சேலத்துக்கு வடக்கே உள்ள வழி முழுவதும் ஒரு காலத்தில் ஒரே சாலையாக இருந்தது. ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். காசியில் புறப்பட்டு 2,369 கிலோமீட்டர் ஓடிக் கன்னியாகுமரியில் போய் முடியும். 2010-ல் எண்களை மாற்றியபோது அந்தப் பெயர் போய்விட்டது. சாலை போகவில்லை, அங்கேயேதான் கிடக்கிறது.

வண்டியில் நான்கு பேர்: நான், என் மனைவி, மாற்றி ஓட்டுவதற்கு என் மைத்துனன், எழுபத்தெட்டு வயதான என் அத்தை. காசி ஆசை உண்மையில் அத்தைக்குத்தான். எனக்கு இருந்தது ஏற்பாடு செய்கிற ஆசை.

இந்த ஆசையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பிரயாணத்தைவிடப் பிரயாண ஏற்பாடு சுகமானது. அதில் பள்ளம் இல்லை, லாரி இல்லை, களைப்பு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு எழுத ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் நாற்பத்தேழு ஆயிற்று. அதற்காக நான் கற்றுக்கொண்ட விஷயங்கள் கொஞ்சமல்ல. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2319 என்று இருந்தால், 2019-ஆம் வருஷத்து இருபத்துமூன்றாவது வாரத்தில் பிறந்த டயர் என்று அர்த்தம். டயருக்கும் ஜாதகம் உண்டு! காற்றை வண்டி ஓடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் அதிகமாகக் காட்டி ஏமாற்றும். பிரேக்கில் ஊற்றும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் மிஞ்சிவிட்டால், நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துச் சூடேறும்போது அது கொதித்து ஆவியாகிவிடும். மிதித்த கால் தரையோடு போகும். ஆகவே அதையும் மாற்றினேன்.

மனிதனுக்கும் விதிகள் எழுதினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது. விடியற்காலம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வண்டியைத் தொடுவதில்லை. அந்த நேரத்தில் உடம்பு நம் பேச்சைக் கேட்காது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் நான்கே விநாடி கண்ணயர்ந்தால், வண்டி சரியாக நூறு மீட்டர் ஓட்டுகிறவன் இல்லாமல் போய்விடுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, தில்லைநகர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பட்டியலை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மலைக்கோட்டை அடிவாரத்து மாணிக்க விநாயகர் முன்னால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பது நாற்பத்தேழாவது. அத்தை பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் சரிடா. அண்ணாகிட்டே சொல்லிண்டாயோ?"

நான் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் தமையனார் அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில் இருக்கிறார். என் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் இராது. அவரோடு நான் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா காலமான பிறகு வீட்டைப் பாகம் பிரித்தபோது, நான் ஒரு வார்த்தை சொன்னேன். "அப்பாவைப் பார்த்துண்டதுக்குக் கூலியை எடுத்துண்டுட்டே" என்றேன். அப்பாவின் கடைசி ஆறு வருஷமும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சாதம் ஊட்டியவர் அண்ணா. அந்த ஆறு வருஷத்தில் நான் மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய் வந்தவன். அண்ணா பதில் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான்.

பிறகு போகாமலிருப்பதற்குக் காரணங்களுக்கு என்ன பஞ்சம்? 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பழுது பார்ப்பதற்காக 2022 செப்டம்பரில் மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அதுவரை காரில் அக்கரைக்குப் போவதென்றால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஊரெல்லாம் அலுத்துக்கொண்டது. எனக்கு மட்டும் அந்த ஆறு மாதமும் ரொம்ப நிம்மதியாக இருந்தது. பாலம் திறந்த அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு ஒரு சாக்குப் போயிற்று.

2,150 கிலோமீட்டருக்குத் தயாராகிவிட்ட மனிதனுக்கு ஏழு கிலோமீட்டர் போக ஒரு தயாரிப்பும் இல்லை! இது எப்படி என்று அன்றிரவெல்லாம் யோசித்தேன்.

ரயில் வருவதற்கு முன் காசிக்குப் போனவர்களும் தயாராகித்தான் போனார்கள். ஆனால் அவர்கள் பட்டியல் வேறு. திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆகவே கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்தார்கள். நிலத்தை இன்னாருக்கு என்று எழுதி வைத்தார்கள். சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிக்கொண்டார்கள். வழிக்கு எடுத்துக்கொண்டது ஒரு மூட்டை. வீட்டில் தீர்த்துவிட்டுப் போனது ஒரு வாழ்நாள் கணக்கு. அவர்கள் மனிதர்களோடு கணக்குத் தீர்த்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் யந்திரத்தோடு மட்டும் தீர்த்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

நம் பாஷையிலேயே இது இருக்கிறது. விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். 'போய்விட்டு வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு எதிரே ஒருவர் நிற்க வேண்டும். சுவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை இல்லை அது.

நான் சும்மா ஒப்புக்கொண்டுவிடவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள் ஊர் போய்ச் சேருவதில்லையா என்று எனக்கு நானே வாதாடினேன். உலகத்தில் காரில் நடந்த முதல் நீண்ட பிரயாணமே சொல்லிக்கொள்ளாமல் நடந்ததுதான். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள் தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாயார் வீட்டுக்குப் போய்விட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் பங்க் என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். பட்டியலும் இல்லை, பூஜையும் இல்லை.

இந்த உதாரணம் எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது, கதையின் கடைசிப் பகுதி நினைவுக்கு வரும் வரையில். அன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மாள் செய்த முதல் காரியம் கணவருக்குத் தந்தி கொடுத்தது. சொல்லாமல் கிளம்புகிறவனுக்கும் சாயங்காலம் தந்தி கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அடுத்த வாதம் இன்னும் கெட்டி. இந்த நாட்டில் 2022-ஆம் வருஷத்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 460 பேர். அவர்களில் எத்தனை பேர் காலையில் கோபித்துக்கொண்டு கிளம்பினார்களோ? நாமும் அப்படிப் போய்விடலாம் என்ற பயத்தில்தானே அண்ணாவிடம் போகச் சொல்கிறாள் அத்தை? பயத்தால் செய்துகொள்கிற சமாதானம் ஒரு சமாதானமா? அது இன்ஷூரன்ஸுக்குக் கட்டுகிற பிரீமியம் மாதிரி அல்லவா? அண்ணாவை ஒரு பாலிஸியாக நினைத்துக்கொண்டு போய் நிற்பது, போகாமலிருப்பதைவிடக் கேவலம் இல்லையா?

இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது ஓர் எதிர்பாராத இடத்தில். பட்டியலில் பன்னிரண்டாவது, வண்டியின் பத்திரங்களைச் சரிபார்ப்பது. இன்ஷூரன்ஸ் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வண்டி வைத்திருக்கிறவனை இன்ஷூர் செய்தே தீர வேண்டும் என்கிறது. எதற்கு? அவன் வண்டி நசுங்கினால் என்ன செய்வது என்பதற்கு அல்ல. அது அவன் பாடு, இஷ்டமிருந்தால் செய்துகொள்ளலாம். அவனால் மூன்றாம் மனிதன் ஒருவனுக்குக் காயமோ உயிர்ச் சேதமோ ஏற்பட்டால், அதற்குத்தான் கட்டாயம். சாலையில் இறங்குகிறவன் முதலில் செய்துகொள்ள வேண்டிய தயாரிப்பு, தனக்கு வரக்கூடிய ஆபத்துக்கு அல்ல, தன்னால் வரக்கூடிய ஆபத்துக்கு!

அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்தேழு இலக்கமும் எனக்கு என்ன நேரலாம் என்ற கவலை. என்னால் ஏற்கெனவே நேர்ந்தது ஒன்று ஏழு கிலோமீட்டர் தூரத்தில் மூன்று வருஷமாகக் கிடக்கிறது. என் மனசின் நிம்மதிக்காக அண்ணாவிடம் போவதென்றால், அத்தையின் யோசனை பிரீமியம்தான். ஆனால் காயம் என்னுடையது அல்லவே? பட்டவர் அவர். நான் போகிற வழியில் செத்துப்போனால் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. 'கூலி' என்ற அந்த வார்த்தை மட்டும், திருப்பி வாங்கிக்கொள்ள ஆளில்லாமல், அவரிடமே தங்கிவிடும். அதை அவர் தலையில் வைத்துவிட்டுப் போக எனக்கு என்ன உரிமை?

மறுநாள் காலையில் வண்டியை எடுத்தேன். பாலத்தில் கூட்டமே இல்லை. என்றைக்காவது ஒருநாள் நெரிசல் இருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அண்ணா திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார். மன்னி மட்டும், "வாங்கோ" என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்க உள்ளே போனாள்.

"நாளைக்குக் காசிக்குக் கிளம்பறோம். அத்தையும் வரா. சொல்லிண்டு போகலாம்னு வந்தேன்" என்றேன்.

பத்திரிகையில் ஒரு பக்கம் திரும்பியது.

"கார்லேயே போறோம்."

அண்ணா பத்திரிகையை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். தெருவில் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்தார். பிறகு, மூன்று வருஷத்துக்கு அப்புறம் என்னோடு பேசிய முதல் வார்த்தையாக இதைச் சொன்னார்:

"ஸ்டெப்னியிலே காத்துப் பார்த்தாயோ?"

நேயர்களே, பார்க்கவில்லை. நாற்பத்தேழு இலக்கத்திலும் ஸ்டெப்னி இல்லை. நான்கு டயருக்கும் ஜாதகம் பார்த்தவன் ஐந்தாவதை மறந்திருந்தேன். டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, அண்ணா வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்த அளவுமானியை வைத்துப் பார்த்தால், பத்துப் பவுண்டு இருந்தது.

ஸ்டெப்னி என்பது இந்தச் சாமானின் பெயரே அல்ல, ஒரு தெருவின் பெயர். ஆரம்ப நாளில் மோட்டார் வண்டிகளுக்கு உபரிச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் நடுத்தெருவில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-ல் வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில், தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர் ஓர் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார். அந்தச் சக்கரம் போய்விட்டது; தெருப் பெயர் நம் ஊர்ப் பட்டறைகளில் நிலைத்துவிட்டது. பழுதுபடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு சுமந்து போகிற சக்கரம் அது. அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தேவைப்படும் வரையில் அது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. வீட்டில் சில மனிதர்கள் இருப்பது போல.

அண்ணா கால் பம்பைக் கொண்டுவந்து மிதிக்க ஆரம்பித்தார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. "நான் அடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். குனிந்தபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, அண்ணா. சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை" என்றேன்.

கொஞ்ச நேரம் பம்பின் சத்தம்தான் கேட்டது.

"ரெண்டு பவுண்டு கூடவே ஏத்திக்கோ. சும்மா கிடக்கிற டயர்லே நாளாக ஆகக் காத்து இறங்கும்" என்றார் அண்ணா.

இது மன்னிப்பா, டயரைப் பற்றிய யோசனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நான் போனது மன்னிப்பு வாங்கி வர அல்ல, வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள. காப்பி சாப்பிட்டேன். கிளம்பும்போது மன்னி ஒரு செப்புச் சொம்பைக் கொடுத்து, கங்கா ஜலம் கொண்டுவரச் சொன்னாள். அப்பா சந்தியாவந்தனத்துக்கு வைத்துக்கொண்டிருந்த சொம்பு அது.

வண்டியைத் திருப்பும்போது கோபுரம் தெரிந்தது. அந்தக் கோயிலுக்கும் ஒரு நீண்ட பிரயாணம் உண்டு. 1323-ல் டில்லிப் படை வந்தபோது, பிள்ளை லோகாசாரியர் முதலானவர்கள் உற்சவமூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார்கள். பட்டியல் போட நேரமில்லாத பிரயாணம். ஆனாலும் கிளம்புமுன் ஒரு காரியம் செய்தார்கள். எடுத்துப்போக முடியாத மூலவருக்கு முன்னால், பகைவர் கண்ணில் படாதபடி, கல்சுவர் எழுப்பினார்கள். வழிக்கு என்ன வேண்டும் என்பதற்கு முன்னால், விட்டுப்போவதற்கு என்ன வேண்டும் என்று பார்த்தார்கள். பிள்ளை லோகாசாரியர் மதுரைக்கு அருகே வழியிலேயே உயிர் விட்டார், திரும்பி வரவில்லை. பெருமாள் மலையாளம், மேல்கோட்டை, திருமலை என்று அலைந்து, 1371-ல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷம்.

அதற்குள் கோயிலில் வேறொரு மூர்த்தியை வைத்து வழிபட ஆரம்பித்திருந்தார்கள். வந்தவர்தான் பழைய பெருமாளா? சொல்ல ஆள் இல்லை. அந்தக் காலத்தில் பெருமாளுக்கு வஸ்திரம் துவைத்துக் கொடுத்த முதியவர் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். கண் தெரியாது. இரண்டு மூர்த்திக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர வஸ்திரத்தைப் பிழிந்த தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்களாம். வாங்கி உட்கொண்டவர், பழகிய மணத்தை அறிந்து, 'இவரே நம்பெருமாள்' என்று கூவினாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நாங்கள் காசிக்குப் போய் இருபத்திரண்டு நாளில் திரும்பினோம். ஒரு விபத்தும் இல்லை. ஸ்டெப்னியை ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை. அத்தை, காசிக்குப் போகிறவர்கள் வழக்கப்படி, ஒரு காயை விட்டுவிட்டு வந்தாள், கொத்தவரங்காய். அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

இதோடு கட்டுரையை முடித்தால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கங்கா ஜலச் சொம்பு என் வீட்டு அலமாரியில் ஒன்பது நாள் இருந்தது. வந்த களைப்பு, வேலை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற பழைய வியாதி. சாலையின் பயம் தீர்ந்துவிட்டது, கால் எழவில்லை. என்னுடைய முதல் வாதம் அப்போதுதான் திரும்பி வந்து கேட்டது: பயத்தில் செய்த சமாதானமா அது? பதில் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. கிளம்புமுன் போனது நல்ல காரியமா, வெறும் பிரீமியமா என்பதைப் போன அன்றைக்குத் தீர்மானிக்க முடியாது. திரும்பி வந்து, ஆபத்து ஒன்றும் இல்லாத ஒரு சாதாரண நாளில், மறுபடி போகிறோமா என்பதில்தான் அது தெரியும்.

பத்தாம் நாள் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணா திண்ணையில்தான் இருந்தார்.

"வந்து ஒன்பது நாளாச்சு போலிருக்கே" என்றார்.

எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. அடுத்த பிரயாணத்துக்கு உதவும். நாற்பத்தெட்டாவதாக, ஸ்டெப்னியில் காற்று என்று எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்பதாவது, அண்ணாவிடம் சொல்லிக்கொள்வது. ஐம்பதாவது, வந்துவிட்டேன் என்று போய்ச் சொல்வது.